புளியும் சாமையும்: அச்சேறாத ஓர் அடுக்களையைப் பற்றி

ஹைதராபாத்திலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ், 1939ஆம் ஆண்டில், கனத்த ஆய்வுக் கட்டுரைகளுக்கு நடுவே ஒரு சமையல் நூலை வெளியிட்டது. ஹிஜ்ரி 623இல், அதாவது கி.பி. 1226இல், முஹம்மத் இப்னு அல்ஹசன் அல்பக்தாதி அரபியில் எழுதிய ‘கிதாபுத் தபீக்’ என்ற நூலின் மொழிபெயர்ப்பு அது. மொழிபெயர்த்தவர் கீழைத்தேயவியல் அறிஞர் ஏ.ஜே. ஆர்பெரி. இஸ்தான்புல்லில் கிடந்த சுவடியைக் கண்டெடுத்து, 1934இல் மோசுல் நகரில் அச்சேற்றியவர் தாவூத் செலபி. நூல் எழுதப்பட்ட 32 ஆண்டுகளில் பாக்தாத் மங்கோலியர் கையில் வீழ்ந்தது. அந்நகரத்து நூலகங்கள் பல அழிந்தன. ஆனால் அங்கே ஆட்டிறைச்சியில் எப்போது கொத்தமல்லி சேர்த்தார்கள், எப்போது இலவங்கப்பட்டையைப் போட்டார்கள் என்பது இன்றும் நமக்குத் தெரியும். உணவு, பானம், உடை, இல்லறம், நறுமணம், இன்னிசை என இன்பங்களை ஆறாக வகுத்து, அவற்றுள் உணவே மேலானது என்று வாதிட்டுத் தொடங்குகிற அந்த நூலாசிரியருக்குத் தம் பொருளைப் பற்றி எவ்விதக் கூச்சமும் இருக்கவில்லை. அதை வெளியிட்ட இதழாசிரியர்களுக்கும் இல்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அடுக்களை பற்றிய எழுத்தைக் கல்விசார்ந்த இதழொன்றில் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது தகுமா என்று ஐயுறும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்னொரு தயக்கமும் எழக்கூடும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. பிடித்தால் உண்பார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. எனவே நானும் உணவைக் குறை சொல்லப் போவதில்லை. உணவைப் பற்றிய எழுத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ் முஸ்லிம்களின் உணவைப் பற்றி எழுதப்பட்டவை மிகுதி. ரமலான் வந்தால் வார இதழ்களின் இணைப்புகள், பெருநாள் மலர்கள், நாளேடுகளின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் எல்லாம் நம் அடுப்பை எட்டிப் பார்க்கின்றன. அவற்றை ஒருசேர வாசித்தால் இரண்டு கதைகளே திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். ஒன்று நவாபின் கதை. ஆற்காட்டு அரண்மனைச் சமையற்காரர்கள் கைவழியாக ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பிரியாணி வந்தது என்பது. மற்றொன்று கடலின் கதை. அரபு வணிகரின் மரக்கலங்கள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் நங்கூரமிட்டன. அவற்றோடு மணப்பொருள்களும் சஹனில் கூடியுண்ணும் பழக்கமும் வந்தன. கொழும்பிலிருந்து வட்டிலப்பம் வந்தது என்பது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே உணவு வெளியிலிருந்து வந்து சேர்ந்த கதைகள். தமிழ் முஸ்லிமின் சோறு எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டது என்னும் எண்ணத்தை, நம்மை விரும்பாதவர்கள் சொன்னால் சினம் கொள்கிறோம். நாமே பெருமையாக எழுதும்போது கவனிக்கத் தவறுகிறோம்.

உமறுப் புலவர் இதற்கு நேர்மாறாகச் செய்தவர். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு மண்ணில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, நெல் விளைகிறது. மக்கத்தைத் தமிழ் மருத நிலமாக்கிப் பார்க்கும் துணிவு பதினேழாம் நூற்றாண்டுப் புலவருக்கு இருந்தது. அவர் நெல்லை அரபு நாட்டுக்குக் கொண்டுபோனார். இன்றைய எழுத்தாளர்களோ தமிழ் அடுப்பங்கரைக்குள் பேரீச்ச மரங்களை நடுகிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்த சங்கராபுரம் இவ்விரு கதைகளிலும் அடங்காத ஊர். கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரச் சமவெளியில் இருக்கிறது. தென்னார்க்காட்டில் இருந்தது, 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. கடல் கண்ணுக்கெட்டாத் தொலைவு. நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் நிலம். மேற்கே மலையில் சாமை, தினை, கேழ்வரகு. காட்டில் புளி, கடுக்காய், தேன். இங்குள்ள முஸ்லிம் வீடுகளில் பெருநாளன்று பிரியாணி உண்டு, நெய்ச்சோறும் தாளிச்சாவும் உண்டு. எஞ்சிய நாட்களில் என்ன உண்டார்கள் என்று எந்த மலரும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. சாமைச் சோற்றுக்குக் கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட புளிக்குழம்பு. மழைநாளில் கொள்ளு ரசம். இறைச்சி வாங்க இயலாத வாரத்தில், முன்பு வாங்கி உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த உப்புக்கண்டம் இரண்டு துண்டு குழம்பில் விழும். குழம்பு முழுவதும் இறைச்சிக் குழம்பாகிவிடும். காய்ச்சல் வந்தவருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. ஜவ்வரிசியும் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தது போலத் தொன்மையானதன்று. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து வரத்து நின்றபோது, 1940களில், சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். பாட்டி காலத்துப் பண்டம் என்று நாம் கண்கலங்குவதில் எத்தனை, பாட்டியின் இளமையில் புதுமையாக வந்திறங்கியவையோ!

இந்த உணவில் ‘இஸ்லாமிய’ என்று சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அக்கேள்வியே பிழையான இடத்தில் நிற்கிறது என்பது என் கருத்து. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. கூட்டுக் குடும்பத்தைப் பிரிந்து தொலைவூருக்குக் குடிபோகும் இளம் பெண்களுக்கு அது தாயாகவும் மாமியாராகவும் இருந்து கற்பித்தது, இன்றும் விற்பனையாகிறது. தெளிவில் அதற்கு இணையான தமிழ்ச் சமையல் நூல் அரிது. அது ஒரு குறிப்பிட்ட சமூகத்தாரின் வீட்டுச் சமையல்தான். ஆயினும் தலைப்பில் அச்சமூகத்தின் பெயர் இல்லை. உம்மி அப்துல்லா 1993இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கோ ‘மலபார் முஸ்லிம் சமையல்’ என்று பெயரிட வேண்டியிருந்தது. அடைமொழி தேவைப்படாத சமையல் ‘தமிழ்ச் சமையல்’ ஆகிறது. அடைமொழியோடு வருவது அதன் ஓரத்தில் தொங்கும் தனிச்சுவை ஆகிறது. அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், இந்திய நடுத்தர வர்க்கப் பெண்கள் எழுதிய சமையல் நூல்கள் வழியாகவே ‘இந்திய உணவு’ என்ற கருத்து உருவானது என்று காட்டினார். வட்டாரச் சமையல்கள் என நாம் இன்று அறிபவையும் அந்த நூல்களுக்குள்தான் வடிவம் பெற்றன என்றார். அவரது வாதத்தை நம் நிலைக்கு நீட்டிப் பார்த்தால், அச்சில் நமக்கென ஒதுக்கப்பட்ட இடம் ஒன்றே ஒன்று: விருந்து. அன்றாடச் சோறு பிறருக்கு, விருந்து மட்டும் முஸ்லிமுக்கு! பிரியாணிக்கு அழைக்கப்படும் அண்டை வீட்டார், நாம் செவ்வாய்க்கிழமை பகலில் களி கிண்டுவோம் என்று கற்பனையும் செய்வதில்லை என்றால், அதற்கு நம் எழுத்தும் ஒரு காரணம்.

அன்றாடத்தின் பொருட்டு ஒரு சாட்சியை அழைக்கிறேன். பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மஅபருக்கு, அதாவது தமிழ்க் கடற்கரைக்கும் மதுரைக்கும், வந்த இப்னு பதூதா அங்கே பரவிய கொள்ளைநோய்க் காலத்தில் கடும் காய்ச்சலில் விழுந்தார். பிழைக்க மாட்டோம் என்றே கருதினார். அப்போது அந்நாட்டில் மலிந்து கிடந்த புளியை நீரில் கரைத்துக் குடிக்க அல்லாஹ் தம் உள்ளத்தில் தோற்றுவித்ததாகவும், மூன்று நாளில் வயிறு கழிந்து நோய் நீங்கியதாகவும் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். புளியைத் ‘தமர் ஹிந்தீ’, இந்தியப் பேரீச்சை, என்று அழைத்த மொழி அவருடையது. உலகமெல்லாம் அப்பெயரையே திரித்து வழங்குகிறது. தமிழ் முஸ்லிம் உணவின் வரலாற்றை எழுதுவோர் அரபியர் நமக்கு என்ன கொண்டுவந்தார்கள் என்று பட்டியலிடுகிறார்கள். தமிழ் மண்ணின் புளிக்கரைசல் ஓர் அரபுப் பயணியின் உயிரைக் காத்தது என்ற பக்கத்தையும் அவர்கள் புரட்டலாம். கல்வராயன் மலைப் புளி இன்றும் எங்கள் பக்கத்துச் சந்தைகளுக்கு வருகிறது. கொட்டை நீக்கி, உப்பிட்டு, மண்பானையில் அடைத்து ஓராண்டு வைத்தால் கறுத்துவிடும். அந்தப் பழம்புளியில்தான் கருவாட்டுக் குழம்பு வைக்க வேண்டும். புதுப்புளியில் வைத்தால் முகம் சுளிக்கும்.

சாமையின் கதை இவ்வளவு இனிமையானதன்று. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த பிறகு, சாமைக்கும் தினைக்கும் நகரத்துக் கடைகளில் அழகிய உறை கிடைத்திருக்கிறது. ‘முன்னோர் உணவு’ என்று அதன்மேல் எழுதுகிறார்கள். எங்கள் முன்னோர் அதை விரும்பியா உண்டார்கள்? என் நன்னிமா சாமைச் சோற்றை வீட்டாருக்கு மட்டுமே வைப்பார். விருந்தாளி வாசலில் தெரிந்தால் சாமைப் பானை உள்ளே போகும். கடன் வாங்கியேனும் அரிசி உலை வைக்கப்படும். அரிசிச் சோறு மானம். சாமைச் சோறு இல்லாமை. கையில் காசு புரண்டதும் முதலில் கைவிடப்பட்டது அதுதான். இதை மறைத்துவிட்டுச் சிறுதானியத்தின் மாண்பைப் பாடும் நினைவுக் குறிப்புகள் எனக்கு உவப்பானவை அல்ல. தமிழக அரசு 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையில்லாமலும் அரிசி வழங்கியது. அது ஏழை வீடுகளில் பசியைத் தணித்தது. அதை ‘பாரம்பரியத்தை அழித்த அரிசி’ என்று இப்போது ஏசுகிறவர்கள் ஒருநாளும் நொய்க்கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் அல்லர். ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். உமி நீக்கக் கடினமான சாமையை உரலில் குத்தும் உழைப்பிலிருந்து பெண்கள் விடுபட்டார்கள். மலைச்சரிவுகளில் சாமை நின்ற இடங்களில் மரவள்ளி பரவியது. விளைவித்தவர்களின் அடுப்பிலிருந்தே சாமை இறங்கிவிட்டது. ஒரே நிகழ்ச்சியில் விடுதலையும் இழப்பும் கலந்திருக்கின்றன. நம் உணவு எழுத்தில் இந்த இரட்டை நிலைக்கு இடமில்லை. அதற்குத் தெரிந்தது பெருமூச்சு மட்டுமே.

இனி, வடிவத்துக்கு வருகிறேன். ‘தேவையான பொருட்கள்’, ‘செய்முறை’ என்ற இரண்டு தலைப்புகளுக்குள் ஒரு வீட்டுச் சமையலை அடைக்கும்போது முதலில் உதிர்வது அளவு. இதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். என் மாமியிடம் தாளிச்சாவுக்கு எவ்வளவு புளி என்று கேட்டபோது, “எலுமிச்சங்காய் அளவு” என்றார். எந்த எலுமிச்சங்காய் என்று கேட்டேன். “நம்ம கொல்லையிலே காய்க்குமே, அது” என்றார். அந்த மரம் வெட்டப்பட்டுப் பல ஆண்டுகளாகின்றன. ஆனால் அளவைவிட முக்கியமான ஒன்று உதிர்வதை யாரும் குறிப்பிடுவதில்லை. அது பங்கு. ‘நான்கு பேருக்கு’ என்று அச்சிடுகிறார்களே, அந்த நான்கு பேர் யார்? குழம்பு வைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் நினைவில் கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக முஸ்லிம் நூலில் வருகிறது. அந்த அறிவுரையைச் சமையல் குறிப்பாகவே நான் வாசிக்கிறேன். குழம்பின் நீரளவை அது வேலிக்கு அப்பாலிருக்கும் வீட்டைக் கொண்டு முடிவு செய்கிறது. எங்கள் தெருவில் அது சட்டமாக இருந்தது. குழம்பு கொண்டுவந்த கிண்ணம் வெறுமையாகத் திரும்பிப் போகாது. சர்க்கரையாவது, இரண்டு முருங்கைக்காயாவது அதில் இருக்கும். எதிர்வீட்டு உடையார் குடும்பத்துக்குப் பெருநாளன்று இறைச்சி கலவாத செவ்விய கைகள் சமைத்த சேமியாப் பாயசம் தனிப் பாத்திரத்தில் போகும். பொங்கலன்று அங்கிருந்து கரும்பும் வாழைப்பழமும் வரும். இவற்றை நீக்கிவிட்டு எழுதப்படும் செய்முறை, சமைக்கத் தெரிந்தவனுக்கும் அந்தச் சமையலைத் தராது.

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, புதினா, தேங்காய்ப்பால், இயன்றால் சிறிது கொத்துக்கறி. கடற்கரை ஊர்களில் ரம்பை இலை. பசித்த வயிற்றைக் குளிரச் செய்யும் உணவு. நோயாளிக்கும் துயரத்தில் இருப்பவருக்கும் வாற்கோதுமையில் காய்ச்சும் ‘தல்பீனா’ இதமளிக்கும் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த ஹதீஸ் புகாரியில் உண்டு. நமது கஞ்சி அதன் நேர்வாரிசு என்று நிறுவ ஆதாரம் வேண்டும். குணத்தால் உறவு என்ற மட்டில் நிறுத்திக்கொள்ளலாம். அசர் தொழுகைக்குப் பிறகு தூக்குச் சட்டிகளோடு பிள்ளைகள் பள்ளிவாசல் முற்றத்தில் நிற்பதும், அவ்வரிசையில் முஸ்லிம் அல்லாத பிள்ளைகளும் நிற்பதும் தமிழ்நாட்டு ஊர்களில் இயல்பான காட்சி. 2001 முதல் தமிழக அரசு இக்கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது 2,895 பள்ளிவாசல்களுக்கென 5,450 டன் பச்சரிசி ஒதுக்கப்பட்டது. ஆனால் கூடிக் காய்ச்ச வழியில்லை. அரிசி வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது.

அந்த ரமலானில் நடந்ததை யாரேனும் எழுதியிருக்க வேண்டும். பல தலைமுறைகளாகப் பள்ளிவாசலின் பெரிய தேக்சாவில் ஆண்கள் காய்ச்சிய கஞ்சியைப் பெண்கள் வீட்டில் சிறு பானையில் காய்ச்சினார்கள். அதே அரிசி, அதே பருப்பு. எங்கள் வீட்டில் முதல் நாள் அது கஞ்சியாக வரவில்லை. குழைந்த பொங்கலாக வந்தது. இரண்டாம் நாள் அம்மா தேங்காய்ப்பாலைக் குறைத்து நீரைக் கூட்டினார். நான்காம் நாள் சரியான பதம் வந்தது. ஆனால் பள்ளிக் கஞ்சியின் மணம் இல்லை என்று எல்லோரும் சொன்னோம். விறகுப் புகையா, செம்புப் பாத்திரமா, வரிசையில் நின்ற பசியா, எது அந்த மணம்? சமையல் நூல் எழுதுவோருக்கு இதைவிட நல்ல ஆய்வுக்களம் வாய்த்திருக்க முடியாது. வாய்த்தும், அந்த ஆண்டு இதழ்களில் நான் கண்டது ‘வீட்டிலேயே எளிதாக நோன்புக் கஞ்சி’ என்ற வழக்கமான அரைப்பக்கம்தான்.

குடும்ப நினைவாக எழுதப்படுபவற்றில் எனக்குள்ள மனக்குறை வேறுவகையானது. அவை பெரும்பாலும் உண்டவர்களின் நினைவுகள், சமைத்தவர்களுடையவை அல்ல. ‘நன்னிமாவின் கைமணம்’ என்று நாம் எழுதும்போது அந்தக் கையில் இருந்த தழும்புகள் எழுத்தில் வருவதில்லை. என் நன்னிமா என்ன விரும்பி உண்டார் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் உண்டு முடித்த பின் சட்டியில் ஒட்டியதை வழித்து உண்பார் என்பதே தெரியும். அடிப்பிடித்த சோறுதான் தமக்குப் பிடிக்கும் என்று சொல்லுவார், நாங்கள் நம்பினோம். இவ்வகையில் நம் புனைகதைகள் நினைவுக் கட்டுரைகளைவிட நேர்மையானவை. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’யில், முஸ்தபாக்கண்ணு தன் நாக்கின் ஆசைக்காக வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்க்கிறார். அந்த நாவலில் நல்ல உணவின் மணம் எழும்போதெல்லாம் ஒரு பெண்ணின் அழுகையும் உடன் கேட்கிறது. தறவாட்டுப் பெருமையின் உள்ளே என்ன வெந்துகொண்டிருந்தது என்பதை மீரான் அறிந்திருந்தார். பெருநாள் மலர்களில் எழுதுவோர் அந்நாவலை ஒருமுறை வாசித்துவிட்டு எழுதினால் நலம்.

என்னையும் இக்குற்றச்சாட்டிலிருந்து விலக்கிக்கொள்ள இயலாது. மலைப்புளி, மலைத்தேன், மலைச்சாமை என்று மேலே நான் அடுக்கியவை தாமாக இறங்கி வந்தவை அல்ல. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது; அந்த ஆண்டில்தான் அரசு அதனைத் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. அங்கு வாழும் மலையாளி பழங்குடியினர் காட்டில் பொறுக்கியதையும் கொல்லையில் விளைவித்ததையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து அடிவாரத்தில் கொடுத்து, உப்பும் கருவாடும் துணியும் வாங்கிப் போனார்கள். விலையைச் சொன்னவர்கள் சமவெளியில் இருந்தவர்கள். அவர்களில் எங்களவரும் உண்டு. கடுக்காய் இல்லாமல் அக்காலத் தோல் பதனிடுதல் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் வணிகரின் செல்வத்தில் தோல் தொழிலுக்கு இருந்த பங்கை யாவரும் அறிவர். பிரியாணியின் வரலாற்றில் நவாபுக்கு ஒரு பத்தி ஒதுக்குவோர், கடுக்காய் பொறுக்கிய கைகளுக்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

எங்கள் வீட்டுக்கு ஆண்டுதோறும் புளி கொண்டுவந்த ஒரு மலைப்பெண்ணை எனக்கு நினைவிருக்கிறது. மாசி, பங்குனியில் வருவார். திண்ணையில் கூடையை இறக்குவார். நன்னிமா முதலில் ஒரு செம்பு நீராகாரம் கொடுப்பார், பிறகு பேரம் பேசுவார். பேரத்தில் அவர் தோற்றதாக எனக்கு நினைவில்லை. புளியைச் சுவைத்துப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவார். வந்தவர் போகும்போது மீந்த கருவாட்டுக் குழம்பைச் சோற்றோடு ஒரு சட்டியில் வாங்கிப் போவார். மறு ஆண்டு அந்தச் சட்டியைத் திருப்பிக் கொண்டுவருவார், அதில் ஒரு பிடி சாமை இருக்கும். இக்கட்டுரையை எழுதும்போது அம்மாவிடம் அவரது பெயரைக் கேட்டேன். அம்மா நெடுநேரம் யோசித்தார். நன்னிமாவின் தாளிச்சாவில் வெந்தயம் எப்போது விழும் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. புளிப்பானை எந்த மூலையில் இருந்தது என்பதும் நினைவிருக்கிறது. கடைசியில், “பேரு தெரியலைப்பா. புளிக்காரம்மான்னுதான் கூப்பிடுவோம்” என்றார்.